ஒன்பதாவது கட்டம்

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போன படிவம் இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளடி போட்டிருந்தாய். மூன்று புள்ளடி. "வாசிக்கத் தேவையில்ல அம்மா, எல்லாம் நிரப்பியாச்சு" என்றாய். அதற்குள் உன் கைப்பேசி அடித்தது, பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு ஓடினாய். நீ போனதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கந்தோரில் மூன்று மொழியிலும் தட்டச்சு செய்தவளிடம் ஒரு படிவத்தை நீட்டி, வாசிக்கத் தேவையில்லை என்று சொல்ல உனக்கு நல்ல துணிச்சல்தான். அந்தத் துணிச்சல் உனக்கு எங்கிருந்து வந்தது என்று இரண்டு நாள் யோசித்தேன். வேறு எங்கிருந்தும் இல்லை, என்னிடமிருந்துதான் வந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நேரில் சொல்லியிருக்கலாம். நேரில் சொன்னால் இரண்டாவது வசனத்திலேயே "உங்களுக்கு இது விளங்காது" என்பாய், எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் எனக்கு வார்த்தை குழம்பும். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இதைப் பிரதி எடுத்து எங்கள் ஒழுங்கையிலுள்ள பதினான்கு வீட்டுக்கும் கொடுக்கப் போகிறேன். இதில் பாதி அவர்களுக்கும் சொல்ல வேண்டியது. தாயும் மகனும் கதைக்கிறதை ஊருக்குக் காட்டுவதா என்று உனக்கு வெட்கமாக இருக்கும். வெட்கப்பட வேண்டியது நான் என்பது வாசித்து முடிக்கும்போது தெரியும்.

ஒழுங்கையில் புதிதாகக் குடிவந்தவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் விஷயத்தைச் சொல்கிறேன். உன் கம்பெனி கேட்பது இரண்டு காரியம். கடல் பக்கத்து மூலையிலிருக்கும் எங்கள் வீட்டையும் பக்கத்து மூன்று வீட்டையும் இடித்துப் பதினெட்டு மாடி எழுப்புவது ஒன்று. மெரின் டிரைவ் வீதிக்கும் ரயில் பாதைக்கும் மேலால் பாலம் போட்டு, அந்தப் பக்கம் மிச்சமிருக்கும் மணலில் தூண் இறக்கி, கொங்கிறீட் தளம் போட்டு, நீச்சல் குளமும் சாப்பாட்டுக் கடையும் வைப்பது மற்றது. அந்தத் தளத்தைக் காப்பாற்றக் கடலுக்குள் இரண்டு கல்லணை. வீடு என் பெயரில் இருக்கிறபடியால் முதலாவதற்கு என் கையெழுத்து வேண்டும். ஒழுங்கைச் சங்கத்துக்கு இன்னும் நான்தான் செயலாளர் என்கிறபடியால் இரண்டாவதற்கும் என் கையெழுத்து வேண்டும். அயலவர்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று அந்தப் படிவம் சொல்கிறது.

முதலாவதைப் போன மாதமே போட்டுத் தந்துவிட்டேன். உன் அப்பா வாழ்ந்து கண்ணை மூடிய வீடு என்று ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டேனா? கூரை ஒழுகுகிறது, முழங்கால் படி ஏற விடுகிறதில்லை. பதினோராவது மாடியில் லிஃப்ட் வைத்த வீடு தருகிறாய் என்றால் வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன விசரா? ஆகவே, அம்மா பழசைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறா என்று உன் மேலதிகாரியிடம் சொல்லி நீ தப்ப முடியாது. வீட்டை இடி. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மணலைத் தொட மட்டும் விடமாட்டேன்.

நான் துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனையில் பிறந்தவள் என்பது உனக்குத் தெரியும். கப்பலில் சாமான் இறக்குகிற பகுதியில் என் டடா, உன் அம்மப்பா, மேற்பார்வையாளராக இருந்தார். துறைமுகம்தான் எங்கள் ஆறு பேருக்கும் சோறு போட்டது, சப்பாத்து வாங்கித் தந்தது, என்னைக் கொன்வென்டில் படிக்க வைத்தது. கடலில் கல் போடுவதே பாவம் என்று பேசுகிற ஆட்களோடு என்னைச் சேர்க்காதே. நாட்டுக்குத் துறைமுகம் வேண்டும், அதற்குக் கல்லும் வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் கப்பல் ஊதுகிற சத்தம் கேட்குமே தவிர, கடலைத் தொட முடியாது. மதில், கேற், காவலாளி, பாஸ். கடலில் கால் நனைக்க வேண்டுமென்றால் கோல்ஃபேஸுக்கு பஸ் ஏற வேண்டும், அதுவும் வருடத்துக்கு ஒரு தடவை. பக்கத்தில்தானே கடல், ஏன் போக ஏலாது என்று டடாவிடம் கேட்டேன். அது துறைமுகத்துக்குச் சொந்தமான கடல் என்றார். நானும் நம்பினேன். எல்லாக் கடலுக்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார் என்றுதான் நினைத்து வளர்ந்தேன்.

கல்யாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்த முதல் கிழமை உன் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு ஒழுங்கையால் இறங்கினார். ரயில் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்து, தண்டவாளத்தைத் தாண்டி, மணல் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். "யாரிட்டக் கேக்க வேணும்?" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. "என்னத்தக் கேக்கிறது? இறங்கும்" என்றார். இறங்கினேன். இறங்கு என்பதற்கு அவர் சொல்லும் யாழ்ப்பாணத்து 'இறங்கும்' எனக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பிடித்தது. அன்றிலிருந்து ஞாயிறு பின்னேரம் என்றால் நாங்கள் அங்கேதான். நீ நடக்கப் பழகியதும் அங்கேதான். உன் ஐந்தாவது பிறந்த நாளுக்கு அங்கே வைத்துத்தான் கேக் வெட்ட வேண்டும் என்று நிலத்தில் உருண்டு அழுதாய். கொண்டுபோனோம். நீ மெழுகுதிரியை ஊதக் குனிந்த நேரம் காகம் ஒன்று ஐசிங்கில் இருந்த பூவைத் தூக்கிக்கொண்டு போனது. கரையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள், நீயும் அழுதபடியே சிரித்தாய். அந்தப் பின்னேரத்துக்கு யாரும் எங்களிடம் அனுமதிச் சீட்டுக் கேட்கவில்லை.

இனிமேல்தான் நான் உனக்குச் சொல்லாதது வருகிறது. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் கூட இதைச் சொன்னதில்லை. அந்தப் பிறந்த நாளுக்கு அடுத்த வருடம் மே மாதக் கடல் வழக்கத்தைவிட மோசமாக அடித்தது. தண்டவாளத்தைத் தாண்டி வந்த தண்ணீர் எங்கள் கேற்றுக்குக் கீழால் முற்றத்துக்குள் வந்தது. ஒழுங்கை முழுக்கப் பயந்து போனது. எங்கள் ஒழுங்கைக்காரர் யாரென்று நினைத்துப் பார். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் வீட்டை நெருப்புக்குக் கொடுத்து, கப்பலேறி யாழ்ப்பாணம் போய், திரும்பி வந்து, அதே இடத்தில் மறுபடியும் கட்டியவர்கள். இன்னொரு தடவை வீட்டை இழக்க ஒருவருக்கும் மனமில்லை. எங்கள் ஹோலில் கூடிக் கதைத்தார்கள். ஒழுங்கை முனையில் கடலுக்குள் பெருங்கல் போட்டுத் தரச் சொல்லி மனுக் கொடுப்பது என்று முடிவானது. மனுவும் படிவமும் சிங்களத்தில் இருக்க வேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஒரு பழக்கம் உண்டு. கந்தோர்ச் சிங்களம் தெரிந்த ஒரு ஆள் எழுத வேண்டும், மற்றவர்கள் வரிசையில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒரு ஆள் நான். "மிஸ் எழுதினா வாசிக்கத் தேவையில்ல" என்பார்கள். எனக்கு அதில் பெரிய பெருமை.

அந்தப் படிவத்தில் ஒன்பதாவது கட்டம் கேட்ட கேள்வி, அருகில் வள்ளம் ஏற்றுகிற அல்லது பொதுமக்கள் பாவிக்கிற கரை உண்டா என்பது. நான் சாப்பாட்டு மேசையில் மெஷினை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தேன். உன் அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சிங்கள எழுத்து தட்டுத்தடுமாறித்தான் வரும், ஆனால் 'இல்லை' என்ற சொல் தெரியும். "ஏனப்பா இல்லை எண்டு போடுறீர்? அங்க வள்ளம் நிக்குதெல்லே?" என்றார். "அது எங்கட லேனுக்கு நேர இல்ல, பக்கத்து லேனுக்கு நேர" என்றேன். "மணலுக்கு லேன் தெரியுமோ?" என்றார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. உண்டு என்று போட்டால் கோப்பு நாலு கந்தோருக்குப் போகும், அதற்குள் அடுத்த மே வந்துவிடும், வீட்டோடு பிள்ளையையும் கடலுக்குக் கொடுக்கப் போகிறீர்களா என்று கத்தினேன். அவர் திரும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். பதினான்கு வீட்டுக்காரரும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். ஒருவராவது வாசிக்கவில்லை. எந்தக் கேள்விக்கு எந்தப் பதிலைப் போட்டால் கோப்பு நிற்காமல் ஓடும் என்று கந்தோரில் இருந்தவளுக்குத் தெரியாதா? அந்தத் திறமையைத்தான் நான் பொய் சொல்லப் பாவித்தேன்.

மூன்று மாதத்தில் கல் வந்தது. லொறி லொறியாக வந்தது. நீ கை தட்டினாய். ஒழுங்கையில் எனக்கு மாலை போடாத குறை. எங்கள் வீடுகள் தப்பின, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீ படித்த இன்ஜினியர் படிப்பில் உனக்கு முதல் வருடமே சொல்லித் தந்திருப்பார்கள். இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. குறுக்கே கல்லைப் போட்டால் தெற்குப் பக்கம் தேங்கும், வடக்குப் பக்கம் பட்டினி கிடக்கும். வடக்கு ஒழுங்கைக்கு முன்னால்தான் பியதாச அய்யேயும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் வள்ளம் ஏற்றினார்கள். இரண்டு மே போவதற்குள் அந்த மணல் முழுக்கப் போய்விட்டது. வெறும் கல்லும் அலையும்தான். கல்லில் மோதி ஒரு வள்ளம் இரண்டாகப் பிளந்தது. பாதிப் பேர் தொழிலை விட்டுவிட்டு ஓட்டோ ஓட்டப் போனார்கள். மிச்சம் ஐந்து வள்ளம் எங்கள் கல்லுக்குத் தெற்கே தேங்கிய அந்தத் துண்டு மணலுக்கு வந்து சேர்ந்தது. நீ காட்டிய திட்டப் படத்தில் நீச்சல் குளம் இருக்கிறதே, அந்த இடம்.

பியதாச அய்யேயை நீ மறந்திருக்க மாட்டாய். கிழமையில் மூன்று நாள் எங்கள் கேற்றடிக்கு மீன் கொண்டுவருவார். உனக்கென்று முள் குறைந்த மீனாகப் பார்த்து எடுத்து வைப்பார். சிங்களவர்தான், ஆனால் வெள்ளவத்தை மீன்காரருடைய தமிழ் அவருக்கு வாயில் நிற்கும். மணல் போன வருடம் ஒரு நாள் மீனை நிறுத்துக்கொண்டே சொன்னார்: "நோனா, கல்லப் போட்டா கடல் போகாது. பக்கத்து வீட்டுக்குப் போகும்." நான் தலையைக் குனிந்து மீனைத் தெரிவு செய்தேன். அந்த வருடம் அவருடைய மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற படிவத்தையும் நான்தான் நிரப்பி, நிரப்பியவர் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். பாவத்துக்குப் பரிகாரம் என்று மனதுக்குள் ஒரு கணக்கு. இத்தனை வருடமும் அவரிடம் மீன் வாங்கினேன், பெருநாளுக்குப் பலகாரம் கொடுத்தேன், உண்மையைச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ உன் கைக்கணினியில் அந்தப் படத்தைக் காட்டினாய். கண்ணாடி மாதிரிக் கடல், குடைகள், வெள்ளை நாற்காலிகள். உனக்கு வரப்போகிற பெண்டாட்டி, கல்கிசை ஊர்ப் பிள்ளை, உன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இதில மணல் எங்க?" என்று கேட்டாள். தளத்துக்குக் கீழே என்றாய். எனக்கு அவளை அந்த நிமிடத்தில் இன்னும் பிடித்துப் போனது. பிறகு நீ எனக்கு வகுப்பெடுத்தாய். நாடு விழுந்து கிடக்கிறது, வெளிநாட்டுச் சல்லி வர வேண்டும், வேலை வேண்டும், கொள்ளுப்பிட்டியைப் பாருங்கள், கொம்பனித்தெருவைப் பாருங்கள், எல்லாம் எழும்புகிறது, வெள்ளவத்தை மட்டும் அப்படியே இருப்பதா என்றாய். நியாயம்தான். கட்டு. நிலத்தில் எவ்வளவு உயரத்துக்கு வேண்டுமென்றாலும் கட்டு. கொம்பனித்தெருவில் பழைய வரிசை வீடுகளை இடித்து மாடி எழுப்பினார்கள், நாளைக்கு அந்த மாடியையும் இடித்து வேறொன்று எழுப்பலாம். பிழை விட்டால் திருத்தலாம். கரையில் விட்ட பிழையை எப்படித் திருத்துவாய்? வேறு இடத்து மணலை அள்ளிவந்து கொட்டலாம் என்றாய். அந்த மணல் யாருடைய வாசலிலிருந்து வரும் என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டமாவது இருக்கிறதா?

எல்லாவற்றுக்கும் மேலே, உங்கள் பேரப்பிள்ளைகளுக்காகத்தான் என்றாயே, அதுதான் எனக்குச் சுட்டது. இன்னும் பிறக்காத பிள்ளையின் பெயரைச் சொல்லி என்னிடம் கையெழுத்துக் கேட்காதே. நானும் அப்படித்தான் செய்தேன். ஆறு வயது உன்னைக் காட்டித்தான் உன் அப்பாவின் வாயை அடைத்தேன். உன் பிள்ளை பதினோராவது மாடியிலிருந்து கடலைப் பார்க்கும், கொட்டாஞ்சேனையில் நான் கப்பல் ஊதுவதைக் கேட்டது போல. கீழே இறங்கிப் போனால் காவலாளி அறை இலக்கம் கேட்பான். உன் பிள்ளைக்கு இலக்கம் இருக்கும், உள்ளே விடுவான். பக்கத்து ஒழுங்கைப் பிள்ளைக்கு?

படிவத்தை வாசித்த மறுநாள் காலை நான் தண்டவாளத்தைத் தாண்டிப் போனேன். முழங்கால் வலித்தது, ஆனாலும் போனேன். பியதாச அய்யே வள்ளத்தில் இஞ்சினைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மனுவை நான்தான் எழுதினேன், கரை இல்லை என்று நான்தான் போட்டேன் என்று சிங்களத்திலேயே சொன்னேன். அழுகை வந்தது, அதையும் மறைக்கவில்லை. அவர் துடைப்பதை நிறுத்தாமல், "தெரியும் நோனா" என்றார், தமிழில். மணல் போன வருடமே முறையிடப் போயிருக்கிறார். கந்தோரில் யாரோ படிவத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள், கீழே என் கையெழுத்து. மகளின் பள்ளிக்கூடப் படிவத்தில் பார்த்த அதே கையெழுத்து. ஏன் என்னிடம் ஒரு நாளாவது கேட்கவில்லை என்றேன். "கேட்டா நோனா பொய் சொல்லுவீங்க. பொறகு மீன் வாங்க வரமாட்டீங்க" என்றார். இருபத்துநாலு வருடம், மகன். அந்த மனிதர் தெரிந்துகொண்டே உனக்கு முள் குறைந்த மீன் எடுத்து வைத்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் இஞ்சினைத் திரும்ப மாட்டத் தொடங்கினார். மன்னித்தேன் என்று சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

வீட்டுக்கு வந்து மறுபடியும் படிவத்தை எடுத்தேன். புதுப் படிவம், வேறு நிறம், ஆனால் கட்டங்களின் வரிசை மாறவில்லை. ஒன்பதாவது கட்டத்தில் நீ, அல்லது உன் கம்பெனியில் யாரோ, வடிவாக அச்சடித்திருந்தீர்கள்: 'இல்லை'. ஞாயிறு தோறும் அந்த மணலில் விளையாடி வளர்ந்தவன் நீ. உனக்குத் தெரியாமல் எழுதியது என்று சொல்லாதே. எனக்கும் தெரிந்துதான் எழுதினேன். கோப்பு நிற்காமல் ஓட வேண்டும், அவ்வளவுதான். என் பிள்ளை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

ஒழுங்கைக்காரரே, உங்களுக்கும் சொல்கிறேன். அன்றைக்கு உங்கள் பெயரில் நான் பொய் எழுதினேன். நீங்கள் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டது உங்கள் பிழை, அப்படிப் பழக்கியது என் பிழை. இந்தப் படிவத்தின் தமிழாக்கத்தைக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். வாசியுங்கள். தளம் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் கூட்டம் கூட்டி என்னைச் செயலாளர் பதவியிலிருந்து இறக்கிவிட்டு உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். அதுவரைக்கும் நான்தான் செயலாளர், ஆட்சேபம் உண்டு.

மகன், நீ பயப்படுவது எனக்குத் தெரியும். தாயைச் சம்மதிக்க வைக்க முடியாதவன் என்று கம்பெனியில் சொல்வார்கள். தளம் இல்லாவிட்டால் மாடிக்கு மவுசு இல்லை என்று முழுத் திட்டத்தையே கைவிடவும் கூடும். கைவிடட்டும். ஒழுகுகிற கூரைக்குக் கீழே வாளி வைத்துக்கொண்டு இருப்பேன், எனக்குப் பழக்கம். உன் வேலை போனால் வேறு வேலை கிடைக்கும், நீ கெட்டிக்காரன். கோபத்தில் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தால், அது நடக்காது. ஜனவரியில் கொட்டாஞ்சேனைக் கோயிலில் முதல் வாங்கில் சாரி உடுத்திக்கொண்டு இருப்பேன், நீ கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும்.

படிவத்தில் 'இல்லை' என்பதைக் கோடு போட்டு வெட்டினேன். பக்கத்தில் பேனாவால் 'உண்டு' என்று எழுதினேன். ஐந்து வள்ளம் என்று எழுதி, பியதாச அய்யேயின் பெயரை முதலில் போட்டேன். கட்டம் போதவில்லை, பின்பக்கத்தில் தொடர்ந்தேன். பின்னேரம் நடக்க வருகிறவர்கள், ரயில் போகும் வரைக்கும் காத்து நின்று இறங்குகிற பிள்ளைகள், அந்த மணலில் ஐந்தாவது பிறந்த நாளுக்குக் கேக் வெட்டிய ஒருவன், தற்போது இன்ஜினியர். அதற்குக் கீழே, 'ஆட்சேபம் இல்லை' என்ற வரியிலும் 'இல்லை'யை வெட்டி 'உண்டு' என்று எழுதி, நீ புள்ளடி போட்டிருந்த மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு பிரதி பதிவுத் தபாலில் கந்தோருக்குப் போய்விட்டது. மூலப் படிவம் உனக்காகச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போ.

இந்த முறை வாசித்துவிட்டு எடு.

அம்மா